தராசும் பரிசுத்தமும்

இலங்கையில் டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 26 வருஷம் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று ஆளுக்கு 2 கிலோ கழித்து எழுதச் சொல்வார்கள். வெயில் காய்கிற நாளிலும் அதே 2 கிலோதான். எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக் கோயிலில் முன் வாங்கில் உட்காருவேன். குடி இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. அதுவே பரிசுத்தம் என்று நம்பியிருந்தேன்.

ஒரு லெந்து காலத்தில்தான் லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தை முழுதாக வாசித்தேன். கடவுள் பரிசுத்தர், ஆகவே நீங்களும் அப்படி இருங்கள் என்று அது ஆரம்பிக்கிறது. எபிரேயத்தில் பரிசுத்தம் என்ற சொல்லுக்குக் கடவுளுக்கென்று பிரித்து வைத்தது என்று பொருள். எப்படிப் பிரிந்து வாழ்வது? அறுப்பில் வயலின் ஓரத்தை ஏழைக்கு விடு, கூலியாளின் கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்திருக்காதே என்று போய், முடிகிற இடத்தில் தராசும் எடைக்கல்லும் வருகின்றன. என் கை நடுங்கியது. தோட்டத் தொழிலாளருக்கான தமிழ்க் கூலி மிஷன் 1854இல் தொடங்கிய காலத்திலிருந்து இந்த மலைகளில் வாசிக்கப்படும் வேதம்தானே இது!

மறுநாள் ஓர் அக்காவின் கொழுந்து 19 கிலோ இருந்தது. 19 என்றே எழுதினேன். எடைத் துண்டைப் பார்த்தவர் திரும்பி வந்தார்.

“ஐயா, பிழையா எழுதிட்டீங்க. 17தானே வரும்?”