பக்கத்தில் ஆலை வருகிறதா? அந்த 30 நாளைத் தவற விடாதீர்கள்

வயலுக்குப் பக்கத்தில் பெரிய ஆலையோ சுரங்கமோ வருகிறது என்ற செய்தி, கம்பிவேலி போட்ட பிறகுதான் பல ஊர்களுக்குத் தெரிகிறது. ஆனால் அனுமதி கொடுப்பதற்கு முன்பே அக்கம்பக்கத்தாரைக் கேட்க வேண்டும் என்கிறது மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. அப்படிக் கேட்பதற்காக நடத்தப்படுவதே பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்.

சாயர்புரம் வட்டார விவசாயிகளுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலையின் விரிவாக்கத்துக்குக் கருத்துக் கேட்பு நடத்தாமலே அனுமதி பெறப்பட்டிருந்தது. 2018 மே 22, 23 தேதிகளில் ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். மே 23 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை விரிவாக்கப் பணிக்கு இடைக்காலத் தடை விதித்தது. மக்களிடம் கருத்துக் கேட்ட பிறகே விண்ணப்பத்தைப் பரிசீலிக்கவும் உத்தரவிட்டது. மே 28 அன்று ஆலையை நிரந்தரமாக மூடத் தமிழக அரசு ஆணையிட்டது. முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி, கடைசியில் நீதிமன்றத்தில் போய் நின்றது.

அறிவிப்பு எப்படி வரும்?

கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் மாசு கட்டுப்பாட்டு வாரியம் விளம்பரம் செய்யும். நாளிதழ் போய்ச் சேராத ஊர்களில் தண்டோரா போட்டும் வானொலி மூலமும் தெரிவிக்க வேண்டும். வரைவு அறிக்கையை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் பார்க்கலாம். அதன் சுருக்கம் தமிழிலும் இருக்கும். கூட்டத்துக்கு ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை ஏற்பார். பேசப்பட்டவற்றின் சுருக்கத்தை முடிவில் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும்.

என்ன எழுதிக் கொடுப்பது?

"ஆலை வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் போதாது. சர்வே எண், பயிர், கிணற்றின் ஆழம், கோடையில் நிற்கும் நீர்மட்டம், மழைநீர் வடியும் ஓடை, ஆலை எல்லைக்கும் வயலுக்கும் உள்ள தூரம் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். கிணற்று நீரை இப்போதே பரிசோதித்து முடிவைப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் நீர் கெட்டால் அதுவே சாட்சி.

கேள்வி – பதில்

கே: கூட்டத்துக்கு வர முடியாதவர் எழுதி அனுப்பலாமா?
ப: அனுப்பலாம். மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதி, நகலில் ஒப்புதல் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கே: எதிர்ப்புச் சொன்னால் திட்டம் நின்றுவிடுமா?
ப: உடனே நின்றுவிடாது. ஆனால் மக்கள் எழுப்பிய சுற்றுச்சூழல் குறைகளுக்கு நிறுவனம் இறுதி அறிக்கையில் பதில் தர வேண்டும். அதையும் பார்த்துத்தான் நிபுணர் குழு பரிந்துரை செய்யும்.

கே: எல்லா ஆலைக்கும் இந்தக் கூட்டம் உண்டா?
ப: இல்லை. சிறு ஆலைகள் பலவற்றுக்கும், அனுமதி பெற்ற தொழிற்பேட்டைக்குள் வரும் ஆலைகளுக்கும் விலக்கு உண்டு. அப்போது திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளிலும், மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். தனியாகப் போவதைவிட, ஒரே ஓடையை நம்பியுள்ள பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்திட்டால் மனுவுக்கு வலு கூடும்.