சைக்கிளின் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு



நம் கூலிம் ஹைடெக் பூங்கா 1996-இல் திறக்கப்பட்டது. நாட்டின் முதல் உயர் தொழில்நுட்பப் பூங்கா அது. அதற்குள்ளே 2017 நவம்பரில் ஓஸ்ராம் நிறுவனம் எல்.இ.டி. விளக்குக்கான சில்லுகள் செய்யும் பெரிய ஆலையைத் திறந்தது. உலகத்துக்கே வெளிச்சம் செய்து அனுப்பும் ஊராகிவிட்டது கூலிம். ஆனால் விடியுமுன்னே பால் வெட்டுக்கும் ஷிப்டுக்கும் சைக்கிள் மிதித்துப் போகிறவர்களைப் பாருங்கள். எத்தனை சைக்கிளின் பின்னால் விளக்கு எரிகிறது?

"பழகின பாதைதானே அண்ணே, விளக்கு எதுக்கு?" என்று கேட்கிற தம்பிகள் இருக்கிறார்கள். தம்பி, முன் விளக்கு நீ பாதையைப் பார்க்க. பின் விளக்கு உன்னை மற்றவன் பார்க்க. உனக்குப் பாதை தெரியும், சரி. பின்னால் வருகிற லாரிக்காரனுக்கு உன்னைத் தெரியுமா?

1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளி வைத்தார்கள். அன்று முதல் ஏழு மணியை ஒட்டித்தான் பொழுது விடிகிறது. காலை ஷிப்டுக்குப் போகிறவருக்கு வழியெல்லாம் இருட்டுத்தான்.

ஒரு கணக்குப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடும். சந்திப்பில் நிற்கிற உங்களை 30 மீட்டருக்குள் வந்த பிறகுதான் டிரைவர் கண்டார் என்றால், இரண்டு விநாடிக்குள் லாரி உங்கள் மேல் வந்துவிடும். 150 மீட்டரிலேயே சிவப்பு விளக்கைக் கண்டால் அவருக்கு ஒன்பது விநாடி கிடைக்கிறது. அந்த ஏழு விநாடி வித்தியாசத்தில்தான் ஒரு குடும்பத்தின் பிழைப்பே இருக்கிறது.

சரி, எந்த விளக்கு வாங்குவது?

நம் அப்பா காலத்தில் டயரில் உரசி ஓடும் டைனமோ இருந்தது. பேட்டரிச் செலவு இல்லை, நல்ல சாமான்தான். ஆனால் சக்கரம் நின்றால் வெளிச்சமும் நின்றுபோகும். வளைவதற்காக நடுச்சாலையில் நிற்கும்போதுதான் விளக்கு மிகவும் தேவை. பழைய டைனமோ அப்போதுதான் கைவிடும். டைனமோ வாங்குவதானால், நின்ற பிறகும் சில நிமிடம் எரியும் பின் விளக்கோடு சேர்த்து வாங்குங்கள்.

மட்கார்டில் இருக்கும் சிவப்பு ரிஃப்லெக்டர் மட்டும் போதும் என்று நினைக்க வேண்டாம். அதற்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பின்னால் வரும் வண்டியின் விளக்கு நேராகப் பட்டால்தான் அது மின்னும். செம்மண் படிந்துவிட்டால் அதுவும் இல்லை. அதைத் துடைத்து வையுங்கள்; கூடவே விளக்கும் வையுங்கள்.

இப்போது கைபேசி சார்ஜரிலேயே ஏற்றிக்கொள்ளும் எல்.இ.டி. விளக்குகள் கிடைக்கின்றன. கடைக்காரர் வெளிச்சத்தைக் காட்டி விற்பார். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. நம் ஊர் மழை ஊர். பெட்டியில் ஐ.பி.எக்ஸ். 4 என்று போட்டிருந்தால் எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும். அதற்குக் குறைந்ததை வாங்காதீர்கள். ஒரு தடவை ஏற்றினால் எத்தனை மணி நேரம் எரியும் என்று கேளுங்கள். போகவும் வரவும் போதாவிட்டால் பயனில்லை. பக்கவாட்டிலிருந்தும் வெளிச்சம் தெரிகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

மினுக்கும் விளக்கு நல்லதா, நின்று எரியும் விளக்கு நல்லதா? பிரிட்டனில் 2005 முதல் மினுக்கும் விளக்கை அனுமதிக்கிறார்கள். ஜெர்மனியில் அனுமதி இல்லை. மினுக்கினால் சட்டென்று கண்ணில் படும். ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மட்டுக்கட்டுவது சிரமம். தெருவிளக்கு இல்லாத தோட்டச் சாலைக்கு நின்று எரிவதே மேல்.

பின்னால் சிவப்புத்தான், வெள்ளை கூடாது. வெள்ளையைப் பார்த்தால் நீங்கள் எதிரே வருவதாக நினைத்துவிடுவார்கள். கேரியரில் கட்டிய சாக்கும், தொங்கும் மழைச்சட்டையும் விளக்கை மறைக்கக் கூடாது.

இன்னொரு விஷயம். 1969-ஆம் ஆண்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 24-ஆவது பிரிவுப்படி, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பி வரும்போதும் நடக்கும் விபத்துக்குச் சொக்சோ பாதுகாப்பு உண்டு. 2019 ஜனவரி முதல் வேலையிட விபத்துத் திட்டத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். பக்கத்து லயத்தில் இருக்கும் நேப்பாள, வங்காளதேசத் தோழருக்கும் இதைச் சொல்லுங்கள். ஆனால் அடிபட்ட பிறகு கிடைப்பது பணம்தான். போன காலும் உயிரும் திரும்பாது.

தோட்டக் கமிட்டித் தோழர்களே! அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள். இருட்டில் வேலைக்கு வரச்சொல்லும் நிர்வாகத்திடம் ஆளுக்கொரு பின் விளக்கு கேட்பது அதிகப்படியான கோரிக்கை அல்ல. அது கிடைக்கும் வரை நம் காசிலேயே ஒன்று வாங்கி மாட்டுவோம். தாய்மார்களே, சோற்றுப் பாத்திரத்தைக் கட்டிக் கொடுக்கும் கையோடு விளக்கு எரிகிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.