லாரி ஓட்டுநரின் காலணி

நாமக்கல் லாரி ஓட்டும் என் மைத்துனர், கண்டாலா மலையிறக்கத்தில் கழன்ற ரப்பர்ச் செருப்பு பிரேக்கின் அடியிற் சிக்க, வண்டியை மலையோரம் உரசி நிறுத்தி உயிர் தப்பினார். ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு மேசையடியிற் செருப்புக் கழன்றால் கேடில்லை. குதிகாலைப் பிடிக்கும் வாரில்லாச் செருப்பு ஓட்டுநருக்கு ஆகாது. வெறுங்காலோ இஞ்சின் சூட்டில் வெந்துவிடும். புதிதாகத் தயாராகும் லாரிகளுக்கே ஓட்டுநர் அறையிற் குளிர்சாதனம் கட்டாயம்.

திருநெல்வேலித் தமிழர் தோல் பதனிட்ட தாராவியில், பின்வார் தைத்த தோற்செருப்புக்குப் பஞ்சமில்லை. ஆயினும் அழகு கண்டு மயங்கற்க. வழுவழுத்த தோலடி மழையில் வழுக்கும். வரியிட்ட ரப்பர் அடி வேண்டும். அடி தடித்தாலோ மிதியின் அழுத்தம் பாதத்திற்குத் தெரியாது. நெடுநேரம் தொங்கிய கால் மாலைக்குள் வீங்குமாதலால், மாலையிலேயே அளவு பார்த்து வாங்குக. சுமை இறக்கும் வேளைக்கு முன்மூடிய பூட்ஸ் தனியே இருக்கட்டும்.

மைத்துனர் பழைய செருப்பை இன்னும் எறியவில்லை. வண்டியை விட்டு இறங்கியபின் மட்டும் போடுகிறார்.