நிலப்போர்வை வாங்குமுன் எடை போடுங்கள்

மிளகாய், தக்காளி, தர்ப்பூசணி சாகுபடியில் களையைக் கட்டுப்படுத்தவும் ஈரத்தைக் காக்கவும் பாலித்தீன் நிலப்போர்வை விரிக்கிறார்கள். ஒரே கனம் என்று விற்கப்படும் இரு சுருள்களில் ஒன்று அறுவடை வரை தாங்குகிறது. மற்றொன்று விரிக்கும்போதே கிழிகிறது. உருகிய பாலித்தீன் ஓடும் விதம் இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

தொழிற்சாலையில் பாலித்தீன் குருணையை உருக்கி, வட்டமான குறுகிய இடுக்கு வழியே தள்ளி, உள்ளே காற்றை ஊதிப் பெரிய குமிழாக்குகிறார்கள். குமிழ் ஆறியதும் தட்டையாக்கிச் சுருட்டுகிறார்கள்.

இதற்குப் பெரும்பாலும் இரு வகைப் பாலித்தீனைக் கலப்பார்கள். எல்.டி.பி.இ. வகையின் மூலக்கூறுகளில் நீண்ட கிளைகள் உண்டு. வேகமாகத் தள்ளினால் நன்கு இளகி ஓடும். வெளியே இழுபடும்போது, பதமான வெல்லப்பாகின் கம்பி போல அறுபடாமல் நிற்கும். குமிழ் ஆடாது. ஆனால் தாளுக்கு வலு குறைவு. எல்.எல்.டி.பி.இ. வகையில் கிளைகள் குட்டையானவை. இதைத் தள்ள அதிக விசை வேண்டும், குமிழும் ஆடும். ஆனால் தாள் குத்தலையும் இழுவையையும் நன்கு தாங்கும். எனவே பலத்துக்கு இதை அதிகமாகவும், குமிழ் நிலைக்க எல்.டி.பி.இ.யைக் குறைவாகவும் சேர்ப்பது வழக்கம்.

தரம் பிரிக்காத பழைய பிளாஸ்டிக்கைச் சேர்த்தால் இந்த ஓட்டம் கெடும். பாலித்தீன் சுமார் 105 முதல் 130 டிகிரி சென்டிகிரேடுக்குள் உருகும். உரச்சாக்கு நெய்யப்படும் பாலிப்ரொப்பிலீன் உருகச் சுமார் 160 டிகிரி வேண்டும். உருகினாலும் பாலித்தீனோடு ஒன்றாது. தாள் ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மெலியும். கட்டியும் ஊசித்துளையும் விழும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. 1.2 மீட்டர் அகலம், 400 மீட்டர் நீளம், 25 மைக்ரான் கனமுள்ள சுருள், உள்குழாய் நீங்கலாகச் சுமார் 11 கிலோ இருக்க வேண்டும். 9 கிலோதான் என்றால் கனமோ நீளமோ குறைவு. சுண்ணாம்புத்தூள் கலந்தால் எடை கூடுமாதலால், எடையை மட்டும் நம்பக்கூடாது.

2. ஒரு முழம் தாளை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்க்கவும். ஊசித்துளைகள் தெரிந்தால் வாங்க வேண்டாம்.

3. நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் இழுத்துப் பார்க்கவும். நல்ல தாள் முதலில் நீளும். மட்டமானது சட்டென்று கோடாகக் கிழியும்.

4. மைக்ரான், அகலம், நீளம் மூன்றையும் பில்லில் எழுதி வாங்கவும்.

தாள் பாதியில் கிழிந்தால் அதன் விலையோடு விரித்த கூலியும் வீணாகும். களையெடுப்புக்கு மறுபடி ஆள் விட வேண்டும். கடையில் கால் மணி நேரம் செலவிடுவது நல்லது.