கறையா, சாயமா?

வடக்குப்பட்டில் ரூம் எடுத்து ஒரகடத்துக்கு இன்டர்ன்ஷிப் போகிற நம்ம செட்டில் சில பேர் பிரெஞ்சும் படிக்கிறோம். ரெஸ்யூமேவில் ஒரு லைன் ஏறும், அவ்வளவுதான் காரணம். போன மாசம் ஒரு அசைன்மென்ட்: அரூப ஓவியம் பற்றிய ஆங்கிலக் குறிப்பை பிரெஞ்சில் எழுதணும். மெஷினில் போட்டு அப்படியே கொடுத்தேன். பாதி மார்க் போச்சு. நீங்களாவது தப்பிச்சுக்கோங்க.

முதல் தப்பு, 'ஸ்டெயின்'. 1952-ல் அமெரிக்க ஓவியர் ஹெலன் ஃபிராங்கன்தாலர், நீர்க்கக் கரைத்த ஆயில் பெயின்டை ப்ரைமர் அடிக்காத கேன்வாஸில் ஊற்றினார். துணி நிறத்தைக் குடிச்சிடுச்சு. அந்த முறைக்குத்தான் 'ஸ்டெயின்' என்று பெயர். மெஷின் அதை 'தாஷ்' ஆக்கிவிட்டது. தாஷ் என்றால் கறை, திட்டு. ஆனால் அதே 1950-களில் பாரிஸில் 'தாஷிஸ்ம்' என்று தனிப் பாணியே இருந்தது. படிக்கிற பிரெஞ்சுக்காரர் இவரையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுவார்!

நம்ம ஊர்க் கணக்கில் பாருங்க. சட்டையில் காபி சிந்தினால் கறை. காஞ்சிபுரத்தில் பட்டு நூலில் ஏற்றுவது சாயம். ஆங்கிலத்தில் இரண்டுக்குமே 'ஸ்டெயின்' வரலாம். இங்கே தேவை, ஊறுவதைச் சொல்லும் பிரெஞ்சு வினைச்சொல்.

அதுக்காக எல்லாத்தையும் மாற்றவும் கூடாது. ஜாக்சன் பொல்லாக் பெயின்டைச் சொட்டவிட்டு வரைந்ததை பிரெஞ்சுக்காரர்களே 'டிரிப்பிங்' என்றுதான் எழுதுகிறார்கள். அதை மொழிபெயர்த்தால்தான் குழப்பம்.

கடைசியாக, நம்ம பக்கத்து உதாரணம். 1966-ல் சோழமண்டல ஓவியர் கிராமத்தைத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கர் 'வேர்ட்ஸ் அண்ட் சிம்பல்ஸ்' என்று ஒரு ஓவிய வரிசை வரைந்தார். எழுத்து மாதிரி இருக்கும், ஜாதகக் கட்டம் மாதிரி இருக்கும். ஆனால் வாசிக்க முடியாது. பிரெஞ்சில் 'வேர்ட்ஸ்' என்பதற்கு 'மோ', 'பரோல்' என இரண்டு சொல் உண்டு. பரோல் பெரும்பாலும் வாயால் பேசுகிற பேச்சு. பணிக்கர் வரைந்தது கண்ணால் பார்க்கிற வடிவம். அதனால் 'மோ' போட்டால்தான் சரி. இதை எந்த டிக்ஷனரியும் சொல்லாது, படத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

ஆக, டூலைத் திறக்கும் முன்னாடி ஓவியத்தைத் திறங்க. பெயின்ட் ஊறுச்சா, சொட்டுச்சா, எழுத்தாக நிக்குதான்னு பாருங்க. சொல் அதுக்கப்புறம் வரட்டும். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன், மார்க்கும் தலைகீழாகத்தான் வந்தது.