வேலியோரத்துப் பெயர்கள்

நெல்லிக்குப்பம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது சர்க்கரை. கரும்பாலையினால் பெயர் பெற்ற அவ்வூர், தன் பெயரை மட்டும் துவர்க்கும் நெல்லியிடமிருந்து வாங்கியிருக்கிறது! அங்கே ரயிலேறிச் சிறிது தூரம் சென்றால் திருப்பாதிரிப்புலியூர். பாடலீசுவரர் ஆலயத்தின் தலமரமாகிய பாதிரி அவ்வூர்ப் பெயரிலேயே பூத்திருக்கிறது. இன்னும் தெற்கே சிதம்பரம். அதன் பழம்பெயரான தில்லையும் ஒரு மரமே.

அந்தத் தில்லையைச் சிதம்பரத்து வீதிகளில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். சுமார் 15 கிலோமீட்டர் கிழக்கே, பிச்சாவரத்து உப்பங்கழியில் அது இன்றும் வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 மலர்களுள் தில்லையும் ஒன்று. பெயரை நாள்தோறும் சொல்லுகிறோம். மரத்தைக் கண்டவர் நம்மில் எத்தனை பேர்?

மரங்களுக்காவது ஊர்ப்பெயர் காவலாக நிற்கிறது. வேலியோரத்துச் சிறு பூண்டுகளுக்கு யார் காவல்?

சென்ற மழைக்காலத்தில் நெல்லிக்குப்பத்தை அடுத்த ஒரு வரப்பின்மேல் மாணவர் சிலருடன் நடந்து சென்றோம். காலடியில் முளைத்திருந்தவற்றைக் காட்டிப் பெயர் கேட்டோம். "செடி, சார்" என்றான் ஒருவன். "இல்லை சார், களை" என்று திருத்தினான் மற்றொருவன். அருகே புல்லறுத்துக்கொண்டிருந்த பாட்டியம்மாள் சிரித்துவிட்டார். "ஏன் தம்பி, இதுகூடத் தெரியாதா?" என்று அரிவாள் நுனியால் ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டினார்.

குப்பைமேட்டில் தழைப்பது குப்பைமேனி. பச்சரிசிக் குருணைபோல் விதை தருவது அம்மான் பச்சரிசி. போகிறவர் வேட்டியைப் பற்றிக்கொள்வது நாயுருவி. மூட்டு முடக்கை அறுப்பதாக நம்பப்படுவது முடக்கத்தான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு பூண்டுக்குக்கூட, அரிவாள் பட்ட விரலில் அதன் இலையைக் கசக்கிப் பிழிந்த அனுபவத்தால், வெட்டுக்காயப் பூண்டு என்று நம்மவர் பெயர் சூட்டிவிட்டனர். ஒவ்வொரு பெயரும் ஒரு சிறு பாடமல்லவா?

கடைசியாகப் பாட்டியம்மாள் ஒரு சாண் உயரப் பூண்டைப் பிடுங்கித் தலைகீழாகத் திருப்பினார். இலைகளின் அடியிலே கடுகளவு காய்கள் வரிசையாகத் தொங்கின. கீழாநெல்லி! ஸ்வீடன் தேசத்துப் பண்டிதர் லின்னேயஸ், நெல்லி மரத்தையும் இந்தக் கீழாநெல்லி வகைப் பூண்டையும் ஃபில்லாந்தஸ் என்ற ஒரே பேரினத்தில் சேர்த்தது 1753ஆம் வருஷத்தில். அதற்கு முன்பே, பள்ளிக்கூடம் காணாத நம் முன்னோர் அவ்விரண்டின் உறவையும் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டனர்.

1988ஆம் வருஷத்தில் சென்னை ஆராய்ச்சியாளர்களும் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும், ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியின்மீது கீழாநெல்லியைச் சோதித்து 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டனர். பின்னர் வேறிடங்களில் நடந்த சோதனைகளில் அதே பலன் கிட்டவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆயினும், எத்தனையோ ஆயிரம் பூண்டுகளுக்கு நடுவே இதை அவர்களுக்குக் காட்டிக் கொடுத்தது எது? காமாலைக்குக் கீழாநெல்லி என்று வழிவழியாக வந்த பேச்சுத்தான். பெயர் மறைந்திருந்தால் அப்பேச்சும் மறைந்திருக்கும். சோதித்துப் பார்க்கவும் ஒன்றும் எஞ்சியிராது.

ஆப்பிள் மரத்தைக் கண்ணாலும் காணாத நம் குழந்தைகள் எழுத்துப் பாடத்தையே ஆப்பிளில் தொடங்குகிறார்கள். அதில் குற்றமில்லை. ஆனால் வாசற்படியருகே நிற்கும் பூண்டு அவர்களுக்கு வெறும் 'களை'யாகிவிடலாகாது. நேயர்களே, வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள பாட்டியையும் குழந்தையையும் வேலியோரம் அழைத்துச் செல்லுங்கள். பாட்டி சொல்லட்டும், குழந்தை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். பாட்டிமார் இருக்கும்போதே செய்யவேண்டிய காரியம் இது.