கௌரி அக்காவைக் கண்டுபிடிக்காத கணினி

"உங்கட பேர் இதில இல்லையே" என்றார் கருமபீடத்தில் இருந்த மிஸ்.

மாத்தளை மாவட்டத்தில் உள்ள அலுவலகம் ஒன்றில் நடந்த விடயம் இது. எங்கள் வீட்டுக்கு மேலேயுள்ள லயத்தில் வசிக்கும் அக்கா ஒருவருக்குத் துணையாகப் போயிருந்தேன். அவரது உண்மைப் பெயரை இங்கே எழுதவில்லை, கௌரி என்று வைத்துக்கொள்வோம். முதலெழுத்து மட்டும் அதேதான், கதைக்கு அது தேவை. உதவித் திட்டமொன்றின் பட்டியலில் பெயர் இருந்தால் அன்றே ஆவணங்களைக் காட்டிப் பதிய வேண்டும். இல்லாவிட்டால் மேன்முறையீடு, இன்னொரு பயணம், இன்னொரு நாள் சம்பளம் போய்விடும்.

மிஸ் மீண்டும் ஒருமுறை பெயரைத் தட்டிப் பார்த்தார். கணினி அதே பதிலைத்தான் தந்தது. அக்கா வாதாடவில்லை. "கம்பியூட்டரே இல்லைங்குதே, வா புள்ள போவோம்" என்று பையை எடுத்துவிட்டார்.

எனக்கு ஒரு சந்தேகம். "மிஸ், அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டுப் பார்க்கேலுமா?" என்று கேட்டேன். போட்டார். பட்டியலின் நடுவில் ஒரு வரி மஞ்சளாகியது. அதில் பெயர், தோட்டம், இலக்கம் எல்லாமே சரியாக இருந்தன. மிஸ் திரையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "பேரும் சரியாத்தானே இருக்கு. அப்ப முதல்ல ஏன் வரல்ல?"

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

நாம் எழுத்தை வடிவமாகப் பார்க்கிறோம். கணினிக்கு ஒவ்வொரு எழுத்தும் குறியும் ஓர் எண். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யுனிகோட் முறையில், 1991இல் வெளியான முதல் பதிப்பிலேயே தமிழும் இடம்பெற்றது. அந்த முறையில் 'கௌ' என்பது இரண்டு எண்கள்: ஒன்று 'க', மற்றது ஔகாரக் குறி. ஆனால் பலர் அதைத் தட்டும்போது 'கெ' போட்டு, பக்கத்தில் 'ள' போடுகிறார்கள். அது மூன்று எண்கள்: க, எகரக் கொம்பு, ள. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கோ கௌரி நான்கு எண் கொண்டவர், கெளரி ஐந்து எண் கொண்டவர், இருவரும் வேறு வேறு ஆட்கள்.

உங்கள் கணினியில் நீங்களே இதைச் சோதிக்கலாம். 'கௌ' என்று எழுதி, அழிக்கும் விசையை ஒருமுறை அழுத்துங்கள். 'க' மிஞ்சினால் சரியாக எழுதியிருக்கிறீர்கள். 'கெ' மிஞ்சினால் அங்கே இருந்தது 'ள'.

இந்தப் பழக்கம் சோம்பலால் வந்ததல்ல. இலங்கையில் தமிழ்த் தட்டச்சு செய்தவர்களில் பலருடைய விரல்கள் பாமினி எழுத்துருவில் பழகியவை. பாமினி ஒரு கெட்டிக்காரத் தந்திரம். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்துவிட்டார்கள். நீங்கள் 'அம்மா' என்று தட்டினால் கணினியின் நினைவில் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி இருக்கும் கணினியில் அது அம்மா. இல்லாத கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றேதான் தெரியும். தமிழில் அனுப்பிய கடிதத்தைத் திறந்துவிட்டு "இது என்ன மொழி?" என்று கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்!

பாமினியில் ஔகாரத்துக்குத் தனியாக எதுவும் தேவைப்படவில்லை. கொம்பு, க, ள என்று தட்டினால் போதும், அச்சில் சரியாக வரும். பழைய பாமினிப் பட்டியல்களை யுனிகோடுக்கு மாற்றும்போதுதான் பிரச்சினை. அந்த 'ள' உண்மையான 'ள'வா, ஔகாரத்தின் பாதியா என்பதை மாற்றும் மென்பொருள் ஊகிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் ஔகாரமாக்கினால் 'வெளி', 'தெளிவு' எல்லாம் கெட்டுவிடும். ஒன்றும் செய்யாமல் விட்டால் கௌரி அக்கா காணாமல் போவார்.

நாட்டின் பெயருக்கே இந்தக் கதி உண்டு. 'ஸ்ரீ' என்ற எழுத்தை முதலில் 'ஸ' வைத்தே உருவாக்கினார்கள். 2005இல் யுனிகோட் 4.1 பதிப்பில் 'ஶ' சேர்க்கப்பட்ட பிறகு அதை வைத்தும் உருவாக்கலாம் என்றானது. இன்று இரண்டும் புழக்கத்தில் உள்ளன, பல எழுத்துருக்களில் ஒரே மாதிரித் தெரிகின்றன. ஒரு வகையில் எழுதிய ஸ்ரீ லங்காவை மற்ற வகையில் தேடினால் சில மென்பொருள்களில் அப்படி ஒரு நாடே கிடையாது.

மாத்தளை நகருக்குப் பக்கத்தில் அலுவிகாரை இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில் திரிபிடகம் ஓலையில் எழுதப்பட்டது அங்கேதான் என்பது மரபு. தமிழ் ஓலைகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் எழுதும் வழக்கம் பரவலாக இருந்தது. வாசித்தவர்கள் இடம் பார்த்துப் புள்ளியைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். மனிதர்கள் அப்படி விட்டுக்கொடுத்து வாசிப்பார்கள். கணினிக்கு அது தானாக வராது, யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும்.

சொல்லிக்கொடுப்பது பெரிய வேலையும் அல்ல. கொம்புக்குப் பின்னால் வரும் 'ள'வுக்குப் புள்ளியோ வேறு குறியோ இல்லையென்றால், அது அநேகமாக ஔகாரம்தான். தேடும் நேரத்தில் மட்டும் இரண்டையும் ஒன்றாகக் கருதும்படி மென்பொருளில் சில வரிகள் எழுதினால் போதும், பட்டியலைத் தொடவே தேவையில்லை. இலங்கையில் தமிழுக்கென எஸ்.எல்.எஸ். 1326 என்ற தரம் 2008இலேயே வந்துவிட்டது. புதிய பட்டியல்களையாவது யுனிகோடிலேயே, ஔகாரக் குறியுடன் தட்டலாம்.

அதுவரை, கருமபீடத்துக்குப் போகிறவர்கள் இலக்கத்தை வைத்துத் தேடச் சொல்லுங்கள். இலக்கத்திலும் ஒரு சங்கடம் உண்டு. பழைய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும், 2016 முதல் வரும் அட்டையில் பன்னிரண்டு இலக்கம். விண்ணப்பத்தில் எதைக் கொடுத்தீர்களோ அதையே சொல்லுங்கள்.

உத்தியோகத்தர்களிடமும் ஒரு வேண்டுகோள். "பேர் இல்லை" என்பதும் "தேடினேன், கிடைக்கவில்லை" என்பதும் வேறு வேறு. முதலாவதைக் கேட்டால் எங்கள் ஆட்கள் எழுந்து போய்விடுவார்கள். இரண்டாவதைக் கேட்டால், "இன்னொருமுறை பாருங்க" என்று கேட்கவாவது இடமிருக்கும்.

அன்று பதிவு முடிந்து பஸ்ஸில் வரும்போது அக்காவுக்கு இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்:

"அப்ப எனக்கு முன்னால வந்து, பேர் இல்லைன்னு திரும்பிப் போனாங்களே, அவங்க பேர் என்னவா இருந்திருக்கும் புள்ள?"